பச்சைப் பாட்டில் ஷாம்பு

புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து மூன்றாவது தடவையாக முகர்ந்து பார்த்தார் ஷுக்ரி. ஆலிவ் எண்ணெய் மணந்தது. சோப்பும் கொஞ்சம் மணந்தது. மனைவி நஜ்மிய்யா மணக்கவில்லை.

குளியலறை ஜன்னலில் அம்மான் நகரத்து மதிய வெயில் பால் கலந்த தண்ணீர் மாதிரித் தேங்கி நின்றது. கீழே கேஸ் சிலிண்டர் விற்கும் வண்டி தன் மெட்டை வாசித்துக்கொண்டே மேட்டில் ஏறியது. அவள் போய் ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. அவள் விட்டுப்போன பச்சைப் பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு ஷாம்பு மிச்சம் இருந்தது. தினமும் அதைத் திறந்து முகர்வார். அப்போதெல்லாம் பக்கத்து அறையில் அவள் தலையைத் துவட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். பாட்டில் தீர்ந்தால் இன்னொரு முறை போய்விடுவாள் என்று பயந்தார்.

அதனால்தான் அதே மைமூனா ஷாம்புவை அபூ ரிஃப்அத் கடையில் வாங்கி வந்தார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். டேப் ஒட்டிக் கொடுக்கும்போது அபூ ரிஃப்அத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடையில் ஆள் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மூன்று பாட்டிலிலும் அவள் இல்லை.

நஜ்மிய்யா கடையில் எதை எடுத்தாலும் முன்பக்கம் பார்க்கமாட்டாள். திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, முதலாளி யார், அந்த முதலாளிக்கு முதலாளி யார் என்று பார்ப்பாள். "இந்த ஊதா பாட்டிலுக்கு நாம குடுக்கிற காசு கடல் தாண்டிப் போயி, குண்டாத் திரும்பி வந்து நம்ம சனங்க தலையில விழுது" என்று மாடிப்படியில் நின்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே கட்டடத்தின் ஏழு வீட்டிலிருந்தும் ஊதா பாட்டில்கள் குப்பைக்குப் போயின. ஏழு குளியலறையிலும் உள்ளூர் மைமூனா வந்து உட்கார்ந்தது.

ஷுக்ரி காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனார். அடுத்த வீட்டு உம் கஸ்ஸான் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று திரும்பியது. ஷுக்ரியின் கால்கள் தாமாக நடந்தன. ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"வாத்தியாரே! அது என் துண்டு!"

"தெரியும். தலைக்கு என்ன போடறே நீ?"

"வேறென்ன, மைமூனாதான். அக்கா சொன்னதை மீறுவேனா?"

"உன் பாட்டில்லருந்து ஒரு மூடி குடேன்."

உம் கஸ்ஸானின் முகம் சிவந்தது. "பொண்டாட்டிய இழந்த மனுஷன் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வந்து ஷாம்பு கேக்கறதா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

துண்டைப் பிடுங்கிக்கொண்டு, கிளிப்புகளைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள். சாயங்காலத்துக்குள் நாலு பேரும் சொன்னார்கள்.

மானத்தைக் காப்பாற்ற ஷுக்ரி மாடிப்படியில் நின்று விளக்கம் கொடுத்தார். "எனக்கு யார் துண்டு மேலயும் ஆசை இல்ல. புது மைமூனாவுல வாசனை மாறிடுச்சு. உங்ககிட்ட இருக்கறது பழைய சரக்கு. கம்பெனி கைமாறியிருக்கும்."

"யாருக்கு?" என்றது மேல்படி.

"அந்த ஊதா பாட்டில்காரனே வாங்கியிருப்பானோ என்னமோ."

'வாங்கியிருப்பானோ' கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள் 'வாங்கிட்டான்' ஆகியிருந்தது. ரொட்டிக்கடை வரிசையில் அதுவே, 'நஜ்மிய்யா அக்கா மூச்சு விடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுச் சொல்லிட்டுப் போனது' ஆயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் குடியிருந்த குன்று முழுக்க மைமூனாவை யாரும் தொடவில்லை. மூன்று வாங்கினால் மூன்று இலவசம் என்று எழுதிப்போட்டும் பச்சைப் பாட்டில்கள் அலமாரியில் வெயில் காய்ந்தன.

அடுத்த வாரம் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். மைமூனா ஆலை முதலாளி ராகிப். கையில் ஒரு தட்டுக் கனாஃபா இனிப்பு, பாகு இன்னும் சூடாக. நஜ்மிய்யாவின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, என்னை யாருக்கு வித்தீங்க?"

"நான் எங்கே வித்தேன்?"

"ஊரே சொல்லுதே! என்னை நம்பிப் பதினோரு குடும்பம் இருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா கதவைச் சாத்த வேண்டியதுதான். வாங்கறேன்னு எந்த வெளிநாட்டுக்காரனும் என் வாசப்படி ஏறினதில்ல. ஏறியிருந்தா..." என்றவர் போட்டோவை நிமிர்ந்து பார்த்து, "ஏறியிருந்தாலும் விரட்டியிருப்பேன்" என்று அவசரமாக முடித்தார்.

ஷுக்ரி தேநீர் ஊற்றினார்.

"இந்தக் கட்டடம் என் கோட்டைன்னு நெனச்சிருந்தேன்" என்றார் ராகிப். "எல்லா வீட்லயும் என் பாட்டில். வாங்கறதுதான் வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. சிக்கனமான சனங்கன்னு மனசைத் தேத்திக்குவேன்."

ஷுக்ரி எழுந்துபோய்ப் பழைய பாட்டிலை, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார். "இதை மோந்து பாருங்க. இப்படி இருந்ததை ஏன் மாத்தினீங்க? அது மட்டும்தான் என் கேள்வி."

ராகிப் மூடியைத் திறந்தார். கண்கள் தாமாக மூடின. முகத்தில் ஒரு கனவு வந்து உட்கார்ந்து, மெல்ல எழுந்து போனது.

"வாத்தியாரே, இது எங்க சரக்கே இல்ல. இது ஊதா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்ல..." என்று தொடங்கிய ராகிப் கனாஃபாவில் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். மென்று விழுங்கிய பிறகு, "தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியாதா?" என்றார்.

ஷுக்ரி போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவருடைய கண்ணைத் தவிர்த்தது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

ராகிப்பை வழியனுப்பும்போதே மாடிப்படியில் நின்று உரக்கச் சொன்னார். "மைமூனா கைமாறல. சுத்தமான உள்ளூர்ச் சரக்கு. கோளாறு என் மூக்குலதான்."

ஆயிரம் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "அதைத்தானே நாங்களும் நெனச்சோம்" என்று உம் கஸ்ஸான் அவசரமாகச் சொன்னாள். தலைகள் ஆடின. கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. அன்று மாலையே ரொட்டிக்கடை வரிசையில் மைமூனா மறுபடியும் நல்லவளாகியிருந்தாள்.

மறுநாள் மதியம் அபூ ரிஃப்அத் கடையில் ஆள் இல்லை. அரிசி மூட்டைமேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஷுக்ரி பழைய பாட்டிலைக் கல்லாமேஜையில் வைத்தார்.

"இதுல என்ன ஊத்தினே?"

அபூ ரிஃப்அத் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பச்சைப் பாட்டில் வந்தது. கழுத்தில் நீல நூல் கட்டியிருந்தது. நிறைந்திருந்தது.

"ஒண்ணு உங்க வீட்ல இருக்கும், ஒண்ணு இங்க இருக்கும். ஊதாவுக்குத் தள்ளுபடி வந்தா ஊத்தி வைப்பேன். 'தள்ளுபடில வாங்கினா அவனுக்கு லாபம் கம்மி, எனக்குப் பாவமும் கம்மி'ன்னு சொல்லுவாங்க." குரல் இறங்கியது. "குளிர்காலத்துல ஊத்தி வெச்சது இது. எடுத்துட்டுப் போக வரல."

ஷுக்ரி மூடியைத் திறந்தார்.

பக்கத்து அறையில் யாரோ தலையைத் துவட்டிக்கொண்டு நடந்தார்கள். துண்டு தட்டும் சத்தம்கூடக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்தது.

பாட்டிலை இறுக மூடி, கறுப்புப் பையில் போட்டு, கோட்டுக்குள் செருகிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அபூ ரிஃப்அத், இது யாருக்கும் தெரியக்கூடாது. அவ பேரு கெட்டுடும்."

"நிம்மதியாப் போங்க வாத்தியாரே. உங்க வீட்டம்மாவும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. உங்க கட்டடத்துல மத்த ஆறு வீட்டம்மாவும் அதையேதான் சொல்லியிருக்காங்க."