மூடாத கணக்குக்கு மாதக் கட்டணம்

உடன்பிறந்த தம்பிக்கு அண்ணன் சொல்ல, மருந்துக்கடை அம்மாள் கைப்பட எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே உன் வாயைத் தவிர எல்லாம் நலமாக இருக்கட்டும். பட்டறையை மூடிய நாளிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. இது பேச்சு இல்லை, கடிதம்.

சங்கதி வங்கி சம்பந்தப்பட்டது. மோட்டார் பட்டறையைப் பாகம் பிரித்தபோது செம்புக் கம்பியைப் பிரித்தோம், ஸ்பானரைப் பிரித்தோம், ஏணி உனக்கு, மேஜை எனக்கு என்றோம். இருவர் பேரிலும் இருந்த நடப்புக் கணக்கை மட்டும் பிரிக்க மறந்துவிட்டோம், சண்டை போடுகிற மும்முரம். பெயர்ப் பலகையில் உன் பேரை மேலே எழுத வைத்து, எழுதியவனுக்குக் கூலியை என் கையாலேயே கொடுக்க வைத்தாயே, படிக்கத் தெரியாத நான் அந்தப் பலகையை இரண்டு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்தேனே, அதைப் பற்றி இப்போது நான் பேச வரவில்லை. பட்டறை படுத்துவிட்டது. கணக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

மாதம் பிறந்தால் என் போனில் மணி அடித்து ஒரு செய்தி வரும். வங்கிக்காரர்கள் மறக்காமல் விசாரிக்கிறார்கள், கூடப்பிறந்தவனுக்குக்கூட இந்த அக்கறை இல்லையே என்று நினைத்துக்கொள்வேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கப் போனபோது இந்த அம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது விசாரிப்பு இல்லீங்க ஐயா, பிடித்தம்" என்றாள். கணக்கில் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் மாதாமாதம் அபராதமாம். மறுநாளே என் பெட்டியில் இருந்ததை எடுத்துப்போய் அந்த அளவுக்குச் சரியாகக் கட்டினேன், ஒரு காசு கூடுதல் இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செய்தி அனுப்புகிறார்களே, அதற்கும் கட்டணமாம். அந்தச் சில்லறையை எடுத்தார்கள், இருப்பு அளவுக்குக் கீழே இறங்கிற்று, இறங்கினதற்கு அபராதம் போட்டார்கள், அபராதம் போட்டதைச் சொல்ல இன்னொரு செய்தி அனுப்பினார்கள், அதற்கும் ஒரு சில்லறை. நம் பெரிய மாமா கடன் கேட்டு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, போகிற வழிச்செலவையும் நம்மிடமே வாங்கிக்கொண்டு போவாரே, அதே நடை.

மறுபடியும் போனேன். கவுண்டர்ப் பெண் பொறுமைசாலி. அளவுக்குக் கொஞ்சம் மேலேயே போட்டு வைக்கணும், செய்தியை நிறுத்தணும், பட்டறையே இல்லாதபோது கட்டணம் இல்லாத வேறு கணக்காக மாற்றிக்கொள்ளலாம், இல்லை மூடிவிடலாம் என்றாள். எதுவானாலும் இருவரும் ஒன்றாக வந்து, தம்பி கையெழுத்து, அண்ணன் கைநாட்டு.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பட்டறை மூடிய அன்று அதில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். எழுதத் தெரியாதவனுக்கு மறக்க வசதி இல்லை. இத்தனை வருஷம் இப்படிப் பிடித்திருந்தால் அது எப்போதோ காலியாகியிருக்கணும், எப்படி மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்க தம்பிதான் அப்பப்போ போட்டுட்டு வர்றாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லம்மா."

"கணக்கை மட்டும் ரெண்டு பேரும் சாக விடமாட்டீங்க போல" என்றாள், சிரிக்காமல்.

ஏண்டா, நீ படித்தவன்தானே? பிடித்தம் என்று தெரிந்தேதானே போட்டாய்? வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் இரண்டு பேர் பேரும் சேர்ந்து இருப்பது இனி அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். எது மேலே, எது கீழே என்று நான் கேட்கவில்லை. உன்னைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னேன், இந்த அம்மாள் எழுதமாட்டேன் என்கிறாள். நீயே ஊகித்துக்கொள்.

ஆகவே, இனியும் அந்தக் குழியில் காசைக் கொட்டாதே. வருகிற திங்கட்கிழமை வங்கி திறக்கும் நேரத்துக்கு, அடையாள அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்து சேர். போட்டோ இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், இன்னொரு நாள்தான் வரவேண்டும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரே நாளில் கணக்கை மூடிவிட்டு அவரவர் வழியைப் பார்ப்போம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன்னுடையதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன் (கைநாட்டு)

பின்குறிப்பு: போட்டோவை மறந்துவிட்டு வா. மாற்றுத் துணியை மறந்துவிடாதே.