முப்பத்திரண்டு பேருக்கும் 9.80

முப்பத்திரண்டாவது நோட்டையும் திறந்து பார்த்தார் மைக்ரோமீட்டர் மிஸ். அதிலும் 9.80.

"இது எப்படிங்க நடக்கும்?" என்று ஆய்வக அட்டெண்டரிடம் கேட்டார்.

அட்டெண்டர் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எது மிஸ்?"

"புவியீர்ப்பு முடுக்கம். நூல்ல குண்டைக் கட்டி ஆட விடணும். இருபது அலைவு எண்ணணும், நேரம் பார்க்கணும், கணக்குப் போடணும். ஒருத்தன் ஒன்பது புள்ளி ஆறுன்னு வருவான், ஒருத்தி பத்துன்னு வருவா. அதுதான் உலகம். முப்பத்திரண்டு பேருக்கும் அச்சடிச்ச மாதிரி ஒரே விடை வந்தா என்ன அர்த்தம்?"

"நல்லா படிக்கிறாங்கன்னு அர்த்தம் மிஸ்."

"நல்லா காப்பி அடிக்கிறாங்கன்னு அர்த்தம்!"

அட்டெண்டர் குடுவையை இன்னும் மும்முரமாகத் துடைத்தார். அந்த மும்முரத்தையும் மிஸ் மனதில் குறித்துக்கொண்டார்.

மிஸ்ஸின் சுபாவம் அப்படி. கேஸ் சிலிண்டரை வீட்டுத் தராசில் ஏற்றி எடை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். கணவர் "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். ஒரு மில்லிமீட்டரையும் நூறாகப் பிரித்து அளக்கும் கருவியின் பெயரைப் பிள்ளைகள் அவருக்கு வைத்ததில் தப்பே இல்லை.

நோட்டுகளில் இன்னொரு கூத்தும் இருந்தது. விடைக்குப் பக்கத்தில் அத்தனை பேரும் 'மீட்டர் பர் செகண்ட்' என்று எழுதியிருந்தார்கள். அது வேகத்தின் அலகு. முடுக்கத்துக்கு 'செகண்ட் ஸ்கொயர்' வர வேண்டும்.

"ஸ்கொயர் எங்கே?" என்று வகுப்பில் கேட்டார்.

"மறந்துட்டோம் மிஸ்."

"முப்பத்திரண்டு பேருமா?"

"ஒரே கிளாஸ்தானே மிஸ்."

சிரிப்பு கடைசி பெஞ்சில் தொடங்கி முதல் பெஞ்சு வரை வந்தது. மிஸ் சிரிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, ஆய்வகத்தின் மீட்டர் ஸ்கேல்கள் அத்தனையிலும் தொடக்கத்தில் ஐந்து சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். இனி எதை அளந்தாலும் ஐந்து கூடுதலாகக் காட்டும். நேர்மையாகச் செய்கிறவனுக்கு விடை பத்தைத் தாண்டிப் போகும். காப்பி அடிக்கிறவன் மாட்டுவான்.

முப்பத்திரண்டு பேரும் அளந்தார்கள், ஆட விட்டார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். 9.80.

மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால், மைதானத்தில் ஒரே கைதட்டல். பி.டி. மாஸ்டர் ஓடி வந்தார்.

"மிஸ், நம்ம பையன் நீளம் தாண்டுதல்ல ஸ்கூல் ரெக்கார்டை உடைச்சுட்டான்! இருபது சென்டிமீட்டர் கூட!"

"எதை வெச்சு அளந்தீங்க?"

"என் டேப் அறுந்துபோச்சு. உங்க லேப்ல இருந்து ஒரு ஸ்கேல் எடுத்துட்டு வந்து வெச்சு வெச்சு அளந்தேன். இரவல்தான், கோவிச்சுக்காதீங்க."

மிஸ் மணல் குழியைப் பார்த்தார். ஐந்து தடவை வைத்தால் ஐந்தைந்து இருபத்தைந்து. மனக்கணக்கு சரியாகத்தான் வந்தது. வாய்தான் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பொறி வைத்த விஷயம் அடுத்த பீரியடுக்குள் பிள்ளைகள் காதுக்குப் போய்விடும். "வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவினார்.

ஸ்கேலில் மாட்டாதவர்கள் கடிகாரத்தில் மாட்டட்டும். பழைய சாமான் டிராயரைக் குடைந்து, நிமிஷத்துக்கு ஐந்து விநாடி பின்தங்கும் ஸ்டாப் வாட்சுகளைத் தேடி எடுத்தார். நல்லவற்றைத் தன் கைப்பையில் போட்டுப் பூட்டினார்.

அன்றும் 9.80. அன்றும் ஸ்கொயர் இல்லை.

சாயங்காலம் பி.டி. மாஸ்டர் மறுபடியும் ஓடி வந்தார். இந்த முறை கண்ணில் தண்ணீர்.

"நூறு மீட்டர், மிஸ்! பதிமூணு செகண்டுல ஓடுற பொண்ணு பன்னிரண்டுக்குள்ள வந்துட்டா! என் வாட்ச்ல பேட்டரி போச்சுன்னு உங்க லேப் வாட்சை…"

"என் லேப்பைத் தவிர உங்களுக்கு வேற இடமே கிடைக்காதா?" என்று மிஸ் கத்தினார்.

மாஸ்டர் திகைத்துப் போனார். "நம்ம ஸ்கூல் பிள்ளைங்க ஜெயிச்சா உங்களுக்கு ஏன் மிஸ் இவ்வளவு எரிச்சல்?"

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் மிஸ் நுழைந்தால் பேச்சு நின்றது. மிஸ்ஸுக்கு மாஸ்டர் மீதும் சந்தேகம் வந்தது. பிள்ளைகளுக்கு விடையைக் கசிய விடுவது இவராகவே இருக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் சரியாக ஆய்வகத்துக்கு எதற்கு வருகிறார்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. கூடத்தில் தொங்கிய விளக்கை ஆட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "மனுஷங்களைத்தான் நம்ப மாட்டே, அதை விடு. பூமி கூடவா ஏமாத்தும்?" என்றார் கணவர்.

"பூமி ஏமாத்தாது. அதனாலதான் கேக்குறேன்."

மூன்றாவது பொறிதான் பெரியது. மிஸ் எல்லா மேசைகளிலிருந்தும் நூலை எடுத்துவிட்டார். குண்டையும் எடுத்துவிட்டார். வெறும் இரும்புத் தாங்கிகள் மட்டும் மொட்டையாக நின்றன.

"மிஸ், ஊசல்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருக்கிறதை வெச்சு செய்யுங்க. நான் இங்க படிச்சப்போ இவ்வளவு வசதி எல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்.

நாற்பது நிமிஷம் கழித்து நோட்டுகள் வந்தன. ஆட ஒன்றும் இல்லை. ஆனாலும் இருபது அலைவுக்கு நேரம் குறித்திருந்தார்கள். மூன்று தடவை செய்து சராசரியும் எடுத்திருந்தார்கள். விடை 9.80.

"எல்லாரும் பையைத் திறங்க!"

முதல் பையிலேயே கிடைத்தது. ஒரு ஜெராக்ஸ் கட்டு. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகியிருந்தது. ஆனால் 9.80 மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஸ்கொயர் இல்லை.

கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மிஸ் நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார். அங்கே பி.டி. மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மிஸ், நல்ல நேரம்" என்றார் ஹெச்.எம். அம்மா. "ரெண்டு ரெக்கார்டு! பெரிய போட்டிக்கு நம்ம பிள்ளைங்க பேரை நேத்தே அனுப்பிட்டேன். கல்வி ஆபீஸ்ல இருந்து பாராட்டி போன் வந்துச்சு."

மிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இனி மறைக்க முடியாது. ரம்பத்தில் தொடங்கி மொட்டைத் தாங்கி வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.



"அப்போ என் பையன் தாண்டலையா?" என்றார் மாஸ்டர் மெல்ல.

"தாண்டினான் சார். அவ்வளவு தூரம் இல்லை."

"என் பொண்ணு ஓடலையா?"

"ஓடினா சார். பதிமூணு."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹெச்.எம். அம்மாவின் முகம் சிவந்தது. "நாலு பிள்ளைங்க காப்பி அடிச்சதுக்கு ஸ்கூல் மானத்தையே கப்பல் ஏத்திட்டீங்களே! நான் இப்போ ஆபீஸுக்கு என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்கம்மா. தப்பு என் மேல இல்லை. இதை முதன்முதலா எழுதின ஆள் மேல" என்று ஜெராக்ஸ் கட்டை மேசைமேல் வைத்தார் மிஸ். "ஒரு தடவை கூட ஊசலை ஆட விடாம, புத்தகத்துல இருக்கிற விடையைப் போட்டு, அலகைக்கூடத் தப்பா எழுதி, இத்தனை வருஷத்துப் பிள்ளைங்களையும் கெடுத்த ஆள். அந்த ஆளோட சான்றிதழே செல்லாதுன்னு நான் எழுதித் தரேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

அவர் குரலில் இருந்த ஆவேசத்தைக் கண்டு ஹெச்.எம். அம்மாவே சற்று இறங்கி வந்தார். "அது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"அட்டெண்டருக்குத் தெரியும். முதல் நாள்ல இருந்தே அவர் முழி சரியில்லை."

அட்டெண்டர் வந்தார். ஜெராக்ஸைப் பார்த்தார். மறைக்கவில்லை.

"ஒரிஜினல் லேப் பீரோவுலதாங்க இருக்கு. ரிட்டையர் ஆன பழைய சார், எழுத்து அழகா இருக்குன்னு மாதிரி நோட்டா எடுத்து வெச்சார். கேக்குற பிள்ளைங்களுக்கு நான்தான் கொடுப்பேன்."

"பேர் இருக்கா அதுல?" என்று மிஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

"லேபிள் ஒட்டியிருக்குங்க."

"உடனே கொண்டு வாங்க!"

அட்டெண்டர் தயங்கித் தயங்கிப் போனார். செய்தித்தாளில் சுற்றிய நோட்டு ஒன்றோடு திரும்பி வந்தார். ஹெச்.எம். அம்மா கையை நீட்டினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அட்டெண்டர் இருவரிடமும் கொடுக்காமல், மிஸ்ஸின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இருபத்தாறு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன் மிஸ்… நூல் அறுந்துபோச்சுன்னு அழுதுகிட்டே, அன்னைக்கு நீங்க எழுதி வெச்சுட்டுப் போன நோட்டுதானே இது?"