கடைமடையார் வீட்டுப் பாயசம்

தன் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று காவல் காத்த விவசாயி, தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் தெருக் கடைமடையார் ஒருத்தர்தான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்கால் தலைப்பில், தலைமடையில், முதல் வயல் அவருடையது. ஆற்றில் தண்ணீர் விட்டதும் ஊரே மடையைத் திறக்க ஓடும். இவரோ தன் மடையை அடைத்துவிட்டு, செல்போனும் கையுமாக அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். கடைமடையிலிருந்து, வாய்க்காலின் கடைசி வயல்காரர் கூப்பிட்டு "வந்துடுச்சுங்க" என்றால்தான் எழுந்திருப்பார். அதனாலேயே அவருக்கு அந்தப் பெயர்.

டி.வி.யில் ஆப்பிரிக்காவில் பஞ்சம் என்று காட்டினால் தட்டைத் தள்ளிவிடுவார். "அதுவும் கடைமடைதான்யா. தலைமடைல இருக்கவன் எல்லாத்தையும் தேக்கிக்கிட்டா அவன் என்ன பண்ணுவான்?" மறுநாளே நெல் விற்ற காசில் பாதி அங்கே போய்விடும். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரே மகளின் கல்யாணத்திலும் மனுஷர் திருந்தவில்லை. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தி. திருவாரூர்ச் சம்பந்தி முதல் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். இவர் பாயச வாளிக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பி, "கடைசி வரிசைலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். அங்கே இருந்தது மேளக்காரர்கள், பாத்திரம் தேய்க்கிற பெண்கள், மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவர்.

"என்ன சம்பந்தி, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா?"

"அவமானம் இல்லீங்க. எங்க வீட்டு முறை."

"எல்லாரும் எந்திரிங்கடா! வேனை எடுக்கச் சொல்லு!"

பொண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. விடிந்தால் தாலி கட்டவேண்டும். "அண்ணே, ஒரே ஒரு கரண்டி இங்க ஊத்தச் சொல்லுங்கண்ணே, புள்ள வாழ்க்கை!" என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு வாளிக்காரரைக் கடைசி வரிசைப் பக்கமே தள்ளினார், பாவி மனுஷர்.

கடைசி வரிசையிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்: "கொஞ்சம் பொறுத்துக்கங்க மொதலாளி. எத்தனையோ கல்யாணத்துக்கு வண்டி ஓட்டியாச்சு, எனக்கு வெந்நி ஊத்துன பாயசம்தான் வரும். இன்னிக்குத்தான் முந்திரியப் பாக்குறேன். சாப்ட்டுட்டு எடுக்கறேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். டிரைவர் இல்லாமல் எங்கே போவது? சம்பந்தி முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். வாளி அவரிடம் வந்தபோது முந்திரி தீர்ந்திருந்தது. "பாயசம் நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

இப்போது கடைமடையார் மகளோடு அமெரிக்காவில். ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் தண்ணீர் வந்ததும் போன் வரும். "ஒலகத்துக்கே தலைமடைல கொண்டாந்து உக்கார வச்சுட்டாய்யா என் மவ. தூக்கமே வரல. கடைமடைக்கு வந்துடுச்சா?"

வீட்டிலிருந்தபடியே 'வந்துடுச்சு' என்று சொல்லிவிடலாம். மனசு வருவதில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைசி வயல் வரை போய், காலை நனைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்: "வந்துடுச்சுண்ணே. தூங்குங்க."