குளிசை விழுங்கிய கோழிகள்

அன்புள்ள முர்ஷித் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் நலமாயிருப்பீர்கள். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அந்த வரியை மட்டும் கடைசியில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். வீட்டிலுள்ள போனெல்லாம் அரிசி வாளிக்குள் இருக்கின்றன. போன் நம் கதையை ஒட்டுக்கேட்கிறதாம், அரிசிக்குள் புதைத்தால் அதற்குக் காது அடைத்துவிடுமாம், உம்மாவின் ஏற்பாடு. நேற்று நீங்கள் எடுத்த கோல் அரிசிக்குள்ளிருந்துதான் அடித்தது, நான் தோண்டி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நாளை நெல் பார்க்க இங்கே அக்கரைப்பற்றுக்கு வரும் உங்கள் மச்சான் மசூரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான் காக்கா. என் பிரசவ லீவு முடிகிறது. திங்கட்கிழமை றுமைஸை உம்மாவிடம் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகவேண்டும். உம்மாவோ மனநோய்க்குத் தந்த குளிசையைப் போடுவதில்லை. போடுகிறா என்றுதான் நம்பியிருந்தேன். காலையில் என் கண்முன்னே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கோழிக்குத் தீனி வைக்கப் போவா. பிறகுதான் பார்க்கிறேன், கோழிகள் நடுப்பகலில் நின்ற இடத்திலேயே தூங்குகின்றன. காகம் வந்து தீனியைத் தின்றுவிட்டுப் போகிறது, இவை கண் திறப்பதில்லை. சேவல் விடியற்காலை சுபஹுக்குக் கூவுவதை விட்டுப் பின்னேரம் அஸருக்குக் கூவுகிறது. உம்மாவிடம் கேட்டதற்கு, "வருத்தம் இல்லாத எனக்கு என்னத்துக்குக் குளிசை? கோழிதான் ராவெல்லாம் கொக்கரிச்சுக்கிட்டுக் கிடந்திச்சு" என்றா. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் உம்மாவுக்கு ஒரு குறையும் இருக்காது. முக்காட்டைச் சரிசெய்து, தேத்தண்ணி ஊற்றித் தந்து, வயல் நிலவரம் விசாரிப்பா. நீங்களும் "உம்மா நல்லாத்தானே இரிக்கா" என்று சொல்லிவிட்டு மச்சியின் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். குறை சொல்லவில்லை; கலியாணம் முடித்த ஆம்பிளைக்குப் பொஞ்சாதி வீடுதான், நம் வழக்கம் அது. உம்மா சீதன வீட்டோடு சேர்ந்து எனக்கு வந்தவ. வீடு எழுதும்போது அறை, கிணறு, தென்னை எல்லாம் சொன்னார்கள், இதை யாரும் சொல்லவில்லை.

முந்தாநாள் ஒருவழியாக ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் அபாயா போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறினா. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். நான் பிள்ளைக்குத் துணி மாற்றிய நேரத்தில் உம்மாவே போய்ப் பெயர் பதிந்துவிட்டா. தாதி கூப்பிட்டது என் பெயரை. உம்மா என் தோளில் கை வைத்து, "எழும்புங்க மகள், பயப்படாதீங்க, நான் இரிக்கன்" என்றா. உள்ளே டொக்டர் சுஜித்தா, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று என்னைக் கேட்டா. "எனக்கு ஒண்டுமில்ல டொக்டர், வருத்தம் உம்மாக்கு. அவக்கு அது தெரியாது" என்றேன். உம்மா பெருமூச்சு விட்டா. "இதத்தான் டொக்டர் நானும் சொல்ல வந்த. அவக்குத் தெரியாது." பிறகு ஒவ்வொன்றாய்ச் சொன்னா: தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் நான் விரல் வைத்துப் பார்ப்பது, நம்பிக்கை வராமல் கிள்ளி அழவைப்பது, அது அழுதால் நானும் அழுவது, ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிப் படுப்பது, கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் போய்த் திறந்து பார்த்து மூடுவது, கிணற்றுக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே அம்மிக்கல். ஒன்றும் பொய்யில்லை காக்கா. "உண்மையா?" என்றா டொக்டர். "ஓம், ஆனா அது வருத்தமில்ல டொக்டர், கவனம்" என்றேன். நான் சும்மா விடுவேனா, அரிசி வாளியின் கதையைச் சொன்னேன். டொக்டர் உம்மாவைப் பார்த்தா. "அதுவும் கவனந்தான் டொக்டர்" என்றா உம்மா, நான் சொன்ன அதே குரலில்.

டொக்டர் சிரிக்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது புதினமில்லை, சுகமாக்கலாம், பால் கொடுக்கிறவ போடக்கூடியதுதான் என்று சொல்லி எனக்கும் குளிசை எழுதித் தந்தா. திரும்பும்போது உம்மா ஆட்டோக்காரரிடம், "மகளுக்குச் சுகமில்ல தம்பி, மெதுவாப் போங்க" என்றா.

எனக்கு ஒன்றுமில்லை என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். இந்த நோய் வந்த சிலருக்கு அது வந்ததே தெரியாது என்று உம்மாவுக்கு வந்த காலத்தில் தேடித் தேடி வாசித்தவள் நான். இப்போது அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தெரியாமலிருப்பது உள்ளே எப்படி இருக்கும்? ஒன்றுமில்லாத மாதிரித்தானே இருக்கும்? எனக்கும் அப்படித்தானே இருக்கிறது? திங்கட்கிழமை பிள்ளையை நான் உம்மாவிடமிருந்து காப்பாற்ற வேண்டுமா, என்னிடமிருந்தா? என் குளிசை தலையணைக்கடியில் கிடக்கிறது. போட்டால் வருத்தக்காரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், மாப்பிள்ளையும் வெளிநாட்டில், அவருடைய உம்மா கேள்விப்பட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவா. போட்டு அயர்ந்து தூங்கினால் பிள்ளையின் மூச்சை யார் பார்ப்பது? ஆகவே வந்து உம்மாவைக் குளிசை போடச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று டொக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

மச்சிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வயலில் பறக்கத்தும் உங்கள் வீட்டில் நல்ல தூக்கமும் அல்லாஹ் தரட்டும். இங்கே நாங்கள் நலம்.

உங்கள் தங்கச்சி,
ஸப்னா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மூச்சுப் பார்க்கப் போனேன். உம்மா ஏணைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தா, விரல் றுமைஸின் மூக்கடியில். "மூச்சு இரிக்கி. நீங்க பாத்துட்டுப் போனாப் பொறகு நான் ஒருக்காப் பாக்கிற. நீங்க சரியாப் பாக்கிறல்ல" என்றா. மற்றக் கையை விரித்தா. அவவுடைய குளிசை ஒன்று, என் தலையணைக்கடியில் கிடந்த என்னுடையது ஒன்று. "நீங்க போட்டா நானும் போடுவன். எனக்கு ஒண்டுமில்ல, உங்களுக்குத் துணைக்கு." "எனக்கும் ஒண்டுமில்ல உம்மா, துணைக்குத்தான்" என்றேன். விழுங்கிவிட்டு ஆளுக்காள் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தோம். ஆகவே காக்கா, மேலே என்னைப் பற்றி எழுதியதை நம்பவேண்டாம், டொக்டரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். திங்கட்கிழமை நான் லீவை நீட்டக் கேட்டு வரும்வரை நீங்கள் வந்து பிள்ளையைப் பிடித்தால் போதும். இனி ஒருநாள் சேவல் சுபஹுக்குக் கூவினால் உம்மா உண்மையாகவே விழுங்குகிறா என்று அர்த்தம். அது கூவுவதைக் கேட்காமல் நான் தூங்கிக்கிடந்தால், நானும்.