சீவிச் சீவி மெலிந்த வில்

இனிமேல் என் மனைவி பூரணத்துக்கு முகத்தைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் இப்படியொரு முடிவு எடுக்கப் போகிறேன்? எனக்குப் பெயர் மட்டும்தான் வீரசிங்கம்.

விஷயம் இதுதான். ஆசுபத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பூரணத்தின் வயிற்றில் இருப்பது கட்டி என்றும், வெட்டி எடுக்கிற நிலையை அது தாண்டிவிட்டது என்றும், அடுத்த மாரிகாலத்தை அவள் காண்பது சந்தேகம் என்றும் சொன்னார். அவளுக்கு இது தெரியவே கூடாது என்று நான் தீர்மானித்தேன். தீர்மானித்த பிறகுதான் என் முகத்தைப் பற்றிய ஞாபகம் வந்தது. அது என் பேச்சைக் கேட்காத முகம். தேத்தண்ணிக் கடையில் ஒரு வடை தின்றுவிட்டு வந்தாலும், அது உழுந்து வடையா பருப்பு வடையா என்று பூரணம் வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

ஆகவே குனிந்தபடியே இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டும். கண் கலங்கினால் மரத்தூள் என்று சொல்லக்கூடிய வேலை. நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வெள்ளைக்காரக் கடற்படையிடம் தச்சனாக இருந்தவன். பின்னேரங்களில் ஒபிசர்மார் அம்பெய்து விளையாடுவார்கள். அவர்களுக்கு வில் செய்து கொடுத்தவன் நான்தான். அவர்கள் கப்பலேறிப் போய் ஆறேழு வருஷமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மரவியாபாரி ஆதம்பாவாவின் மரக்காலையில் ஒரு சவண்டலை மரத்துண்டு வாங்கி வந்து கிணற்றடியில் குந்தினேன்.

"என்ன செய்யிறியள்?" என்று பூரணம் வந்து நின்றாள்.

"வில்லு."

"என்னத்தை விக்கச் சொல்லுறியள்?"

"விக்கிற வில்லு இல்லையப்பா. அம்பு விடுற வில்லு."

"இந்த வயசிலை ஆருக்கு அம்பு விடப் போறியள்?"

"சும்மா பொழுதுபோக்குக்கு."

"பொழுது தன்ரபாட்டிலை போகுது. அதைப் பிடிச்சு ஏன் தள்ளுறியள்?"

நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அதற்குள் வேலிக்கு மேலால், பூரணம் காக்கா என்று அண்ணன் முறை கொண்டாடும் ஆதம்பாவாவின் தலை வந்தது.

"வில்லு வில்லு எண்டு கேக்குது. வீட்டையா விக்கிறீங்க?"

"வீட்டை இல்லைக் காக்கா, இவரைத்தான்," என்றாள் பூரணம். "வாங்கிறியளோ?"

ஆதம்பாவா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மரமா இருந்தாலும் வளைஞ்சதை நான் எடுக்கிறல்ல, தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வில் செய்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நடுவில் தடிப்பும் வில்லின் இரண்டு கையிலும் மெல்லிசுமாகச் சீவ வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தால் இடக்கை வளையாது. இடக்கையைச் சீவினால் வலக்கை முறைத்துக்கொண்டு நிற்கும். வலக்கையைச் சீவ வேண்டும். இந்தச் சீவலை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால் நிமிர வேண்டுமே. அதற்குப் பயந்து சீவிக்கொண்டே இருந்தேன். முதலாவது வில் தூண்டில் தடியாகிவிட்டது.

"மீனுக்கோ அம்பு?" என்று கேட்டாள் பூரணம்.

இரண்டாவது அதைவிட மோசம்.

"இது பல்லுக் குத்தவோ? வில்லுக்கு நாண் இல்லை, உங்களுக்கு நாணமும் இல்லை. கிணத்தடி முழுக்கச் சீவல். ஒரு சனம் குளிக்க ஏலாது."

"கண்ணுக்குள்ளை தூள் போயிட்டுது."

"ஓம். ஒவ்வொரு நாளும் ரெண்டு கண்ணுக்குள்ளையும் ஒண்டாத்தான் போகுது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குனிந்தே இருந்ததால் எனக்குத் தெரிந்தது அவளுடைய கால் மட்டும்தான். தேத்தண்ணி கொண்டு வருகிற அந்தக் கால் நாளுக்கு நாள் மெதுவாக வந்தது. ஒருநாள் பார்த்தால் மெட்டி கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள். விரல் அவ்வளவுக்கு மெலிந்துவிட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இத்தனை காலமும் நான் பார்த்திருந்த முகம் அது ஒன்றுதான். நான் நிமிர்ந்தால் அவளும் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். இருக்கிற கொஞ்ச நாளும் இப்படியே போகிறதே என்று நெஞ்சு வலித்தது. ஆனாலும் சீவினேன்.

மூன்றாவது வில் இழுத்த இழுப்பில் முறிந்துவிட்டது. நான் துண்டுகளைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"எங்கை போறியள்?" அடுப்படி வாசலில் கதிரை போட்டு, மடியில் சுளகோடு அவள் இருந்தாள்.

"ஆதம்பாவாட்டை. இன்னொரு துண்டு எடுக்க."

"அவரிட்டை மரம் முடிஞ்சுது."

"மரக்காலையிலை எப்பிடி மரம் முடியும்?"

"உங்களுக்குக் குடுக்கிற மரம் முடிஞ்சுது. நான்தான் குடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். இதிலை இருங்கோ."

அவள் இருக்கச் சொன்னால் நான் இருப்பேன். அவள் காலடியில் குந்தி நிலத்தைப் பார்த்தேன்.

"என்ர வயித்திலை என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியும்."

"வாய்வுதானே," என்றேன்.

"ஓம், வாய்வு. இந்த மனுசனைத் தனியக் கூப்பிட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ, பயந்த சுபாவம் எண்டு டொக்டரிட்டைச் சொல்லிவிட்டதே நான்தான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லாமல் இருந்தனி?"

"பாவம், ஒளிக்கிறதுக்கு இவ்வளவு பாடுபடுறார், கொஞ்ச நாளைக்கு ஏமாந்தமாதிரி இருப்பம் எண்டு இருந்தன். நீங்கள் விடுறமாதிரித் தெரியேல்லை. உங்கட உச்சந்தலையைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. முகத்தைக் காட்டுங்கோ."

நிமிர்ந்தேன். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது. அதே கேலிக் கண்தான். நான் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கக் கேட்க வாய்விட்டு அழுதேன். அவள் தடுக்கவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த சுளகை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அழுறதெண்டா இந்த வெங்காயத்தை உரிச்சுக்கொண்டு அழுங்கோ," என்றாள். "எப்பிடியும் இனி நீங்கள்தானே உரிக்கோணும்."