இடியக்கா மிதித்த வெறுந்தறி

அருப்புக்கோட்டையில் இடியக்காவைப் போல வீடு வாடகைக்கு விட்டவர் இதுவரை இல்லை; இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. குடிவருகிறவர்களை மற்ற வீட்டுக்காரர்கள் விசாரிப்பார்கள். இவர் திட்டுவார். திட்டை வாங்கிக்கொண்டும் நிற்கிறவர்களுக்கே வீடு.

என் கணவருக்குப் பஞ்சு ஆலையில் கணக்கெழுதும் வேலை கிடைத்ததும், நரிக்குடிப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்தோம். யுத்த காலம். எங்கள் சம்பளத்துக்குக் கோழிக்கூடுதான் கிடைக்கும் போலிருந்தது. ஒரு வீட்டில் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, “வேதக்காரவுகளா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டம்மா பிள்ளையைப் பார்த்ததும், “பீத்துணி அலச தண்ணிக்கு எங்கிட்டுப் போறது?” என்று கிணற்றுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

இடியக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏத்தா படிச்சவளே, பிள்ளைய வெயில்ல வத்தலாப் போடவா கொண்டாந்த? உள்ள வா!”

ஊரார் கேட்டதில் பாதிதான் வாடகை. ஏன் பாதி என்று மதியம் தெரிந்தது. எங்கள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறி. அவர் மிதித்தால் எங்கள் பானை மூடிகள் கூத்தாடும். முன்பு குடியிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனார்களாம்.

பிள்ளைக்குக் காது போய்விடுமோ என்று நடுங்கினேன். காது போகவில்லை. பிள்ளைதான் கட்சி மாறிப் போனான். கீர்த்தனை பாடினேன், தாலாட்டினேன், பள்ளிக்கூடத்துச் செய்யுளைக்கூட ராகம் போட்டுச் சொன்னேன். வீரிட்டு அழுதான். சுவருக்கு அப்பால் ‘லொடக் லொடக்’ என்றதும் உறங்கினான். சுமந்து பெற்றவள் நான். உறங்க வைப்பது ஒரு மரக்கட்டையா?

“வேற வீடு பாருங்க” என்றேன் கணவரிடம்.

“இந்த வாடகைக்குப் பந்தல்குடி ரோட்டுப் புளியமரத்தடிதான் கிடைக்கும். அவுக தறி ஓட்டுனா உனக்கென்ன?”

எனக்கென்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அப்புறம் நூல் தட்டுப்பாடு வந்தது. தெருத் தறிகள் எல்லாம் நின்றன. இடியக்கா தறியும் நின்றது. இனி என் பாட்டுக்குத்தான் மரியாதை என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஆனால் பிள்ளை உறங்கவே இல்லை. தொண்டை கட்டும்வரை அழுது, உடம்பு சுடத் தொடங்கியது. கர்த்தரே, யாராவது எப்படியாவது உறங்க வைத்தால் போதும் என்று நான் கலங்கி நின்றபோது, சுவருக்கு அப்பால் ‘லொடக் லொடக்’. பிள்ளை உறங்கிவிட்டான்.

தெரு விழித்துக்கொண்டது. “எல்லார் தறியும் சும்மா கெடக்கு, இவளுக்கு மட்டும் ஏது நூலு? பதுக்கிட்டா!”

புகார் போய், நூல் பங்கீட்டு அதிகாரி வந்தார். அரிசிப் பானை முதல் விறகு அடுக்கு வரை துழாவினார். தறிக்குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பூனை படுத்திருந்தது. நூல் இல்லை.

“நூலில்லாம எதுக்கம்மா தறிய ஓட்டுறீங்க?”

“கால் மரத்துப் போவுதுய்யா, மிதிக்கேன். கால ஆட்டவும் சர்க்காரு சீட்டு குடுக்கணுமோ?”

தெரு சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது. “இனிமே இங்க தறிச்சத்தம் கேட்டா வீட்டைப் பூட்டிச் சீல் வச்சிருவேன்!” என்று வெளியேறினார்.

“அக்கா, பிள்ளைக்காகத்தான்னு சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா? பெத்தவளுக்குப் பிள்ளைய ஒறங்க வைக்கத் தெரியலைன்னு கிணத்தடியில உன்னயக் கிழிச்சுத் தொங்கவிடுவாளுக. எனக்கென்ன, கிறுக்கின்னு ஏற்கெனவே பேரு வாங்குனவ.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையைத்தான் பிடுங்கிக்கொண்டார் என்றால், நல்லவராக இருப்பதிலுமா என்னை முந்துவது? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

“ஐயா! என் பாட்டுக்கு இவன் உறங்க மாட்டேங்கிறான். அக்கா தறிச் சத்தத்துலதான் உறங்குறான். அதுக்குத்தான் வெறுந்தறிய மிதிக்கிறாக!”

கிணற்றடியே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். சீல் பேச்சு அத்தோடு போயிற்று. இடியக்கா மட்டும், “மானங்கெட்டவளே!” என்று திட்டியபடி பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

இப்போது மதுரையில் இருக்கிறோம். சத்தமில்லாத வீடு. பையன் படுத்ததும் உறங்கிவிடுகிறான். மதியத்தில் கண்ணயர முடியாமல், சுவர்ப் பக்கம் காதை வைத்துக்கொண்டு புரள்வது நான்தான்.