குட்டியானை முதலாவதாக வந்த ஓட்டம்

எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. ஊருக்குக் கிளம்பினால் எடுத்துக்கொள்ள வேண்டியவை, எடுத்துக்கொள்ளக் கூடாதவை, மறந்துவிட்டுப் பாதி வழியில் ஞாபகம் வரக்கூடியவை என்று மூன்று பட்டியல் போடுவேன். (மூன்றாவதைப் பார்த்துவிட்டு அம்மா, "மறக்கப்போறேன்னு தெரியுதில்ல, இப்பவே எடுத்து வையேன்டி" என்பார்.) இப்படிப்பட்ட ஒருத்தி, சொந்த ஊரில், பங்குனி மாதத்தில், ஊரே பார்க்க எப்படிக் கவிழ்ந்தாள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மின்னணுவியல் படித்துவிட்டு அப்போதுதான் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மாரத்தான் போன்ற ஓட்டங்களுக்கு நேரம் கணக்கிடுவது எங்கள் வேலை. ஓடுபவரின் ஷூ கயிற்றில் நாணயம் அளவுக்கு ஒரு சில்லைக் கட்டிவிடுவோம். முடிவுக் கோட்டில் ஒரு கறுப்புப் பாய் விரித்திருக்கும். சில்லு பாயைத் தொட்டதும் கருவி 'பீப்' என்று கத்தும். பெரிய திரையில் பெயரும் நேரமும் வரும். ஓடியவரின் போனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி தானாகவே போகும். "இதுல மனுஷத் தப்புக்கு இடமே இல்ல" என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எட்டு அறைகள் கொண்ட லாட்ஜ். "ஜனம் வருது, கோயிலப் பாக்குது, பொடவை வாங்குது, சாயங்காலம் வண்டி ஏறிப் போயிடுது. எவன் தங்கறான்?" என்பது அவருடைய நித்திய புலம்பல். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. காலை ஆறு மணிக்கு ஓட்டம் என்று வைத்தால் முதல் நாளே வந்து தங்கத்தானே வேண்டும்? அதையும் பங்குனித் திருவிழாவோடு சேர்த்து வைத்தால்?

மேலாளர் சுதா மேடத்திடம் சொன்னேன். வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் பார்ப்போம் அகிலா. ஒழுங்கா நடந்தா வருஷா வருஷம் உங்க ஊர்தான். சொதப்பிச்சுன்னா அடுத்த தடவை ஏதாவது கடற்கரைப் பக்கம் போயிடுவோம்" என்றார். அப்பா எட்டு அறைக்கும் வெள்ளையடித்தார். நாலு தெரு வரைக்கும் போய், "என் பொண்ணு ஓட்டம் கொண்டாரா, இனிமே வருஷா வருஷம்" என்று சொல்லிவிட்டும் வந்தார். அந்த 'வருஷா வருஷம்'தான் என் தலையில் பாரமாக உட்கார்ந்தது.

என் திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். பத்து கிலோமீட்டர் பாதையில் மூன்றாவது கிலோமீட்டரில், ராஜ வீதி முனையில், எங்கள் ஓட்டமும் சாமி புறப்பாடும் குறுக்கிட்டன. வழக்கமாக சாமி ஏழு மணிக்குக் கோயிலை விட்டுக் கிளம்பும். எங்கள் கடைசி ஆள் ஏழுக்குள் முனையைத் தாண்டிவிடுவார். எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று புறப்பாட்டைக் கவனிக்கும் கோயில் மணியக்காரரைப் பார்க்கப் போனேன்.

"ஏழுக்கு முன்னாடி சாமியை எடுத்துடாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே நொடி வேலை. ஆனால் காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு, சாமியை வராதே என்று சொல்ல நாக்கு எழுமா? சுற்றி வளைத்தேன்.

"ஐயா, எங்க ஓட்டக்காரங்க எல்லாம் ஏழு மணிக்குள்ள அந்த முனையைத் தாண்டிப் போயிடுவாங்க. ஏழுக்கு மேல ஒருத்தர்கூட அங்க இருக்க மாட்டாங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லீங்க."

"அடடா!" என்றார். பிறகு, "சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீ கவலப்படாத போ" என்றார்.

அந்த 'அடடா'வை என் திட்டமிடலுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பட்டியலில் 'சாமி' என்ற வரிக்கு நேரே டிக் அடித்தேன்.

ஓட்ட நாளன்று எல்லாம் அழகாகத்தான் தொடங்கியது. வெயில் ஏறாத பங்குனிக் காலை, வாசலெல்லாம் பெரிய பெரிய கோலம், எங்கோ தூரத்தில் நாதஸ்வரம். ஆறு மணிக்குக் கொடி அசைத்தார்கள். பெங்களூரு, புனே என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓடினார்கள். நான் பள்ளி மைதானத்தில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், கணினியோடு உட்கார்ந்திருந்தேன். ராஜ வீதி முனையில் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்க குமரேசன் மாமாவை அவருடைய குட்டியானையோடு நிறுத்தியிருந்தேன். (யானை என்றதும் கோயில் யானை என்று நினைக்க வேண்டாம். அது சின்ன சரக்கு வண்டி. மாமா அதில் நெசவுக்கான பாவு நூல், புடவை, கல்யாணப் பாத்திரம் எல்லாம் ஏற்றுவார்.)

ஆறு இருபதுக்கு மாமா போன் செய்தார்.

"பாப்பா, சாமி வந்துக்கினு இருக்குது."

"எந்த சாமி?" (வேறு கேள்வி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.)

"இன்னாமா கேள்வி இது? நம்ம சாமிதான். பூ அலங்காரம் சோக்கா இருக்குது."

"மாமா, ஓடறவங்க?"

"யாரு ஓடறாங்க? அல்லாரும் நின்னு கும்புட்டுக்கினு இருக்காங்க."

எனக்குச் சில்லுதான் ஞாபகம் வந்தது. "ஷூவோடயா மாமா?"

"சீச்சீ! நம்ம ஜனம் ஷூவோட சாமி கும்புடுமா? கழட்டி ஓரமா உட்டுட்டாங்க. அத்தப் பாத்து வெளியூருக்காரங்களும் கழட்டிட்டாங்கமா. மரியாத தெரிஞ்ச ஜனம்."

"சாமி தாண்டினதும் உடனே போட்டுக்கச் சொல்லுங்க!"

"எங்க சொல்றது? சாமி பின்னாலயே போய்ட்டாங்க. அடுத்த தெருவுல பொங்கல் குடுக்கறாங்கோ."

மேளச் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை. தொடர்பு அறுவதற்குள் என்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் துடிக்கிறேன்.

"மாமா, அந்த ஷூவெல்லாம் பத்திரம்!"

பத்திரம் என்பதற்கு நான் நினைத்த பொருள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது. மாமாவின் அகராதியில் வேறு பொருள். ஜனம் எப்படியும் கடைசியில் மைதானத்துக்குத்தானே வந்தாக வேண்டும்? ஷூவை முன்கூட்டியே அங்கே சேர்த்துவிட்டால் திருட்டும் போகாது, ஊர் பேரும் கெடாது.

ஆறே முக்கால் இருக்கும். சிறப்பு விருந்தினரும் சுதா மேடமும் ரிப்பனின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, முதல் வீரரின் வருகைக்காகத் தெருவைப் பார்த்து நின்றார்கள். தெருவிலிருந்து குட்டியானை திரும்பியது. இரண்டு ஹாரன். விருந்தினர் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம் விலக, நெஞ்சால் அறுக்க வேண்டிய ரிப்பனை வண்டி தன் மூஞ்சியால் அறுத்தது. யாராவது ரிப்பனை அறுத்தால் வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால், பாண்டு வாத்தியக்காரர்கள் கடமை தவறாமல் முழங்கினார்கள்.

மாமா இறங்கினார். நான் எழுந்து ஓடுவதற்குள் பின்கதவைத் திறந்து, பாவு மூட்டை கட்டும் துணியில் குவித்திருந்த ஷூக்கள் அத்தனையையும் அந்தக் கறுப்புப் பாயின்மேல் கொட்டினார்.

"எண்ணிக்கோ பாப்பா, ஒரு ஜோடி கொறையாது!"

பீப். பீப்பீப். பீப்பீப்பீப்பீப். அதற்குப் பிறகு அது தனித்தனிச் சத்தமாகவே இல்லை. குக்கர் விசில் போல ஒரே இழுப்பாக இழுத்தது. திரையில் பெயர்கள் மழையாகக் கொட்டின. மைக் பிடித்திருந்தவர் கல்யாண மண்டபத்தில் மொய் வாசித்துப் பழகியவர். எதற்கும் அசராமல் ஒவ்வொரு பெயராக வாசிக்க ஆரம்பித்தார். குவியலில் முதலில் விழுந்த கேன்வாஸ் ஷூ, நடப்பதற்காக மட்டும் பெயர் கொடுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. அவர்தான் முதல் பரிசு.

அதே நொடியில், அடுத்த தெருவில் பொங்கலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவர்களின் போன்கள் வரிசையாகச் சிணுங்கின. 'வாழ்த்துகள்! நீங்கள் ஓட்டத்தை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்.' முடித்தாயிற்று என்று தெரிந்ததும் பலர் நிம்மதியாக இரண்டாவது தொன்னை வாங்கினார்களாம்.

எட்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். நெற்றியில் விபூதி, கையில் தொன்னை. தார் சூடேறியதைப் பார்த்து அந்தத் தெரு வீடுகளில் இரவல் கொடுத்திருந்தார்கள். ரப்பர் செருப்பு, பூ வைத்த செருப்பு, ஒரு புனேக்காரர் காலில் யாருடைய பாத்ரூம் செருப்போ. சிலர் கோபமாக இருந்தார்கள். நிஜமாகவே ஜெயிக்க வந்த இருவர் பரிசளிப்புக்கு நிற்காமல் வண்டி ஏறிவிட்டார்கள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. தலைமையாசிரியர் மட்டும் போனை நீட்டி, "முதல் பரிசுன்னு வந்திருக்குதேம்மா, எங்க வாங்கிக்கணும்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சுதா மேடம் திட்டவில்லை. "ரிப்போர்ட் எழுதிக் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அது திட்டைவிட மோசம்.

சாயங்காலம் மணியக்காரரிடம் போனேன், சண்டை போடத்தான். அவர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"வாம்மா! ஏழுக்கு மேல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு நீ சொன்னதும் எனக்கு மனசே கேக்கல. அவ்ளோ தொலைவுலருந்து வர்ற ஜனம் சாமி பாக்காம போவலாமா? தூக்கறவங்கள எல்லாம் நாலு மணிக்கே எழுப்பி, ஆறுக்கே பொறப்பாடு பண்ணிட்டோம். திருப்திதானே?"

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்பா லாட்ஜ் வரவேற்பு மேசைமேல் எட்டுச் சாவிகளையும் வரிசையாக வைத்துவிட்டு, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவல் செருப்புகளை உரியவர்களிடம் சேர்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு வாசலிலும், "அடுத்த வருஷமும் வருவாங்களாமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லி, செருப்பை வைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து மேடம் கூப்பிட்டார்.

"மெயில் வந்திருக்கு. பாதிப் பேர் திட்டியிருக்காங்க. பாதிப் பேர் அடுத்த வருஷத் தேதி கேக்கறாங்க. திட்டினவங்கள்லயும் சில பேர் கடைசி வரியில தேதி கேட்டிருக்காங்க." கணினியை மூடினார். "உங்க ஊர்லயே நடத்தலாம். ஒரே நிபந்தனை. அங்க நேரம் கணக்கிட வேண்டாம். பாய், சில்லு, எதுவும் கிடையாது."

இப்படியாக, நேரம் கணக்கிடும் நிறுவனமொன்று நடத்தும், நேரமே பார்க்காத ஒரே ஓட்டம் காஞ்சிபுரத்தில் நடக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் நான். அப்பாவின் எட்டு அறைகளும் தை மாதமே நிரம்பிவிடுகின்றன. ராஜ வீதி முனை வந்ததும் ஓடுகிறவர்கள் தாங்களாகவே நின்று ஷூவைக் கழற்றுகிறார்கள். நானும் அங்கேதான் வெறுங்காலோடு நிற்கிறேன். குளிர்ந்த தார், சாம்பிராணி வாசனை, பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே கைகூப்பும் யாரோ ஒரு வெளியூர்க்காரர். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒவ்வொரு பங்குனிக்கும் ஏங்குகிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எதையும் மறக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வந்து இறங்கி, "வந்துட்டேம்மா" என்று நான் போன் செய்தால், "நீ வந்துட்டியா, செருப்பு மட்டும் வந்துதா?" என்றுதான் அம்மா கேட்பார். பால்காரர் முதல் வாலாஜாபாத் சித்தி வரை எல்லோரிடமும் இதே கேள்விதான்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலிருந்து, "வந்துட்டோங்க" என்று போன் செய்தார்கள். பழக்க தோஷத்தில் அம்மா அவர்களிடமும் கேட்டுத் தொலைத்துவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுமுனையில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"செருப்ப வாசல்லயே உட்டுடறேங்க. நான் மட்டும் உள்ள வரலாமா?"

கல்யாணம் ஆவணியில்.